பங்கு வீட்டில் ஐந்து ஸ்பீக்கர்

இராமு இருபத்தெட்டு வருடம் மலேசியாவில் இருந்தவர் என்றதும் சொந்த ஊரான கண்டரமாணிக்கத்தில் பலருக்கும் அவர் அங்கே ஒரு கடைக்கு முதலாளியாக இருந்ததாக நினைப்பு. அந்த நினைப்பை அவரும் கலைத்ததில்லை. ஈப்போவில் ஒரு ஜவுளிக்கடையில், முதலாளி காட்டிய இடத்தில் நின்று, கேட்ட துணியை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்த மனிதர் அவர். மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கு வந்து, அண்ணன் முத்தப்பன் முன்னால் அதே வேலையைச் சம்பளமில்லாமல் பார்ப்பார். அண்ணன் "உக்காருடா" என்றால் உட்காருவார். சொல்ல மறந்துவிட்டால் நின்றுகொண்டே இருப்பார்.

இதையெல்லாம் அவர் மனைவி சிட்டாள் கல்யாணமான முதல் மாதத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். அதன்பிறகு அந்த மனிதரிடம் அவளுக்குப் புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றும் இருக்கவில்லை. ஒரே மகள் சுபாவை அவள்தான் வளர்த்தாள். காய்ச்சலென்றால் தூக்கிக்கொண்டு ஓடியதும் அவள், பள்ளிக்கூடத்தில் போய் நின்றதும் அவள், காரைக்குடிக்குத் தினமும் பஸ் ஏற்றி எம்.சி.ஏ. வரை படிக்கவைத்ததும் அவள். அவர் தம் பங்குக்கு, வரும்போதெல்லாம் கோடாலித் தைலம் கொண்டுவந்தார்.

1998-இல் அவர் ஒரேயடியாகத் திரும்பியபோது தைலத்தோடு பெரிய அட்டைப்பெட்டிகள் இரண்டும் வந்தன. பிரித்தால், கன்றுக்குட்டி கனத்துக்குக் கறுப்பாக ஒரு ரிசீவர், ஐந்து ஸ்பீக்கர், ஒரு விசிடி பிளேயர், சுருட்டிக் கட்டிய சிவப்பு வெள்ளை மஞ்சள் ஒயர்கள். "ஆர்டர் குடுத்து வாங்குனது" என்று பார்க்க வந்த எல்லோரிடமும் சொன்னார். சிட்டாள் தூசி துடைக்கும்போது ரிசீவரின் அடியில் ஒரு முயல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்ததைப் பார்த்தாள். யாரோ ஒரு குழந்தை ஒட்டியது. முதலாளி வீட்டில் புதிது வாங்கியிருப்பார்கள், பழசை இவர் தலையில் கட்டியிருப்பார்கள். அந்த முயலைச் சுரண்டி எடுக்கக்கூட மனிதருக்குத் தோன்றவில்லை என்பதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"இது எதுக்கு?" என்று கேட்டாள்.

இராமுவின் முகம் மலர்ந்துவிட்டது. யாராவது கேட்கமாட்டார்களா என்று அவர் தவம் கிடந்த கேள்வி அது. "டிவி, விசிடி, டெக்கு, கேபிள் எல்லாம் இதுக்குள்ளதான் வரணும். இதுல இருந்துதான் வெளிய போகணும். படம் டிவிக்குப் போகும், சத்தம் அஞ்சு ஸ்பீக்கருக்கும் பிரிஞ்சு போகும். இதைக் கேக்காம எதுவும் நடக்காது."

"இதுவா படம் காட்டும்?"

"இது காட்டாது."

"இதுவா பாடும்?"

"பாடாது. வர்றதை வாங்கிப் பிரிச்சு அனுப்பும்."

"அப்பச் சொந்தமா ஒண்ணும் கிடையாது. நல்ல சோடியாத்தான் பாத்து வாங்கியிருக்கீக."

"ஒனக்கு இதெல்லாம் வெளங்காது" என்றார் இராமு. ஈப்போவில் முதலாளி வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒயரைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர். எந்த ஒயர் எந்த ஓட்டைக்கு என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அங்கே படம் தொடங்கியதும் அவரைக் கீழே போகச் சொல்லிவிடுவார்கள் என்பதை மட்டும் அவர் எவரிடமும் சொல்லவில்லை. சிட்டாளிடம் சொல்லவேண்டிய அவசியமும் இல்லை, அவளே யூகித்துவிட்டாள்.

அவர்களுடையது பங்கு வீடு. ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் அவ்வளவு பெரிய வீட்டில் ஹால் பொது. கிழக்கு வரிசை அறைகள் முத்தப்பனுக்கு, மேற்கு வரிசை இராமுவுக்கு. அறை யாருக்கோ, ஹாலைப் பார்த்த அதன் சுவரும் அவருக்கு. ஒரே கூரைக்குக் கீழே ஆளுக்கொரு அடுப்பு, ஆளுக்கொரு பூட்டு. ஒருவர் சுவரில் இன்னொருவர் ஆணி அடிப்பதென்பது அந்தக் குடும்பத்தில் கொலைக்கு ஒரு படிதான் கீழே. முன்னொரு காலத்தில் பங்காளி ஒருவர் அடுத்த பங்குச் சுவரில் காலண்டர் மாட்டினாராம். அதை எடுக்கச் சொன்னபோது, இத்தனை நாள் மாட்டியதால் சுவரில் எனக்குப் பாத்தியதை உண்டு என்று கோர்ட்டுக்குப் போனாராம். காலண்டரும் போய், காலண்டர் மாட்டியவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆணிப் பயம் மட்டும் போகவில்லை.

ஹாலில் இருந்த இருபத்தொன்பது இஞ்ச் டிவி முத்தப்பனுடையது. இராமு போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். ரிசீவர் வழியாகப் போட்டால் டிவியின் சொந்தச் சத்தத்தை நிறுத்திவிட வேண்டும் என்று விளக்கினார்.

"என் டிவி ஊமையாகணும், ஒன் பெட்டி பேசணும். அப்படித்தானே?" என்றார் முத்தப்பன்.

"அதுக்கில்லண்ணே. இது நாலு பக்கமும் இருந்து வரும்."

"வரட்டும். என் டிவி சத்தமும் வரட்டும்."

ஆக, டிவியும் பேசியது, ரிசீவரும் பேசியது. ஒரே வசனம் இரண்டு வாயிலிருந்து வந்து இடித்துக்கொண்டது. சுவரில் ஏறிய ஸ்பீக்கர்களோ எல்லாம் மேற்கே. நடுவில் வைக்கவேண்டியது ஒரு முக்காலியில் உட்கார்ந்தது. வலப்பக்கத்து இரண்டும் இராமுவின் சுவரில் ஏறின. இடப்பக்கத்து இரண்டும் பெட்டிக்குள்ளேயே தூங்கின, ஏனென்றால் இடப்பக்கம் அண்ணனுடையது. இராமு போட்ட இங்கிலீஷ் சண்டைப் படத்தில் ஹெலிகாப்டர் வலப்பக்கம் இரைந்துகொண்டு வரும். ஹாலின் நடுவுக்கு வந்ததும் சத்தம் நின்றுவிடும். அண்ணன் பங்குக்குள் நுழைய அதற்கும் அனுமதி இல்லை. இராமு ரிமோட்டும் கையுமாக அந்த இடத்தையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பார்.

"ஒயரை நேரா டிவியில குத்திப் பாத்துட்டுப் போக வேண்டியதுதானே" என்றாள் சிட்டாள்.

"அது பாமரத்தனம்" என்றார் இராமு.

அந்த மாதம்தான் சுபாவுக்குப் பெங்களூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை கிடைத்தது. கூடப் படித்த ஆஷ்லினுக்கும் அதே இடம். ஆஷ்லினின் அப்பா ஃபெலிக்ஸ் காரைக்குடியில் பள்ளிக்கூட வாத்தியார். செய்தி வந்ததுமே மனிதர் பெங்களூருக்குப் போய், இரண்டு பெண்களுக்கும் ஹாஸ்டல் பார்த்து, இடம் சொல்லிவைத்துவிட்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காரைக்குடியிலிருந்து தாமே கூட்டிப் போவதாகவும் சொல்லியனுப்பினார். இன்னொருவர் வீட்டுப் பெண்ணுக்கு ஒரு மனிதர் செய்தது இது. சொந்தத் தகப்பனார் அந்த நேரத்தில் சிவப்பு ஒயரின் முனையைப் பல்லால் கடித்து உரித்துக்கொண்டிருந்தார்.

சிட்டாளுக்கு வாழ்க்கையில் பெரிய ஆசைகள் கிடையாது. இந்த ஓர் ஆசை மட்டும் இருந்தது. சுபா இந்த வீட்டை விட்டுப் போகவேண்டும். ஒரு பூட்டுக்கும் ஓர் அடுப்புக்கும் நடுவில், ஓர் ஆண்பிள்ளை வாய் திறப்பான் என்று காத்திருந்து கிழவியாகக்கூடாது. அதற்கு வேண்டியது இவ்வளவுதான். இராமு அண்ணன் முன்னால் போய் நின்று, "என் மக வேலைக்குப் போறா" என்று சொல்லவேண்டும். கேட்கக்கூட வேண்டாம், சொன்னால் போதும். அவள் போய்ச் சொல்லலாம் என்றால், கல்யாணமாகி வந்த நாள் முதல் புருஷனுடைய அண்ணன் முகம் பார்த்து அவள் பேசியதில்லை. அந்த வீட்டு வழக்கம் அப்படி.

"இன்னைக்குச் சொல்லிருவீகளா?" என்று காலையில் கேட்பாள்.

"நேரம் பாத்துச் சொல்றேன்."

"சொன்னீகளா?" என்று சாயங்காலம் கேட்பாள்.

"அண்ணன் இன்னைக்கு ஒரு மாதிரி இருக்காக."

அண்ணன் தினமும் ஒரே மாதிரிதான் இருந்தார். வெற்றிலையும் செய்தியுமாக டிவிக்கு முன்னால் சாய்ந்திருந்தார். இராமு அவரைச் சுற்றிச் சுற்றி வந்தார். வாயைத் திறந்தால் கிழக்குச் சுவரைப் பற்றித்தான் பேசினார். இரண்டே ஆணி, அண்ணே. பூச்சு உதிராது, அண்ணே. வேண்டாமென்று ஒரு வார்த்தை சொன்னால் கழற்றிவிடுகிறேன், அண்ணே. மகளுக்காகக் குழையாத நாக்கு ஸ்பீக்கருக்காக இப்படிக் குழைவதைக் கேட்கப் பொறுக்காமல் சிட்டாள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மாலை முத்தப்பனே பேச்சை எடுத்தார். சிட்டாள் கதவுக்குப் பின்னால் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஒன் மகளுக்குப் பெங்களூருல வேலையாமே? ஊரே சொல்லுது, நீ சொல்லலையே."

"சொல்லணும்னுதாண்ணே..."

"கல்யாணம் பேசுற வயசுல கொமரியை ஊரு விட்டு ஊரு அனுப்புனா நாளைக்கு எவன்டா நம்ம வாசப்படி மிதிப்பான்? வேணாம். இங்குட்டே இருக்கட்டும்."

சிட்டாள் கீரையை வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள். முத்தப்பன் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, இறங்கிய குரலில் தொடர்ந்தார்.

"நான் சொல்றதை நீ கேட்டா, நீ கேக்குறதை நான் ஏன்டா மறுக்கப் போறேன்? என்னமோ சுவத்துல ரெண்டு ஆணின்னியே. அடிச்சுக்க. டிவி சத்தத்தையும் நிப்பாட்டிக்க. ஞாயித்துக்கெழமை நாலு பேரைக் கூப்பிட்டு நல்லபடியாப் போட்டுக் காட்டு."

"சரிண்ணே" என்றார் இராமு.

எந்தக் கேள்விக்கு எந்தச் சரி என்று சிட்டாளுக்குப் புரியவில்லை. ஒருவேளை ஆணிக்கு மட்டும் சரி சொல்லியிருப்பாரோ, மகள் பேச்சை நாளைக்கு எடுப்பாரோ என்று பைத்தியக்காரி போல ஒரு ராத்திரி முழுவதும் நம்பினாள். இருபத்தைந்து வருடம் குடித்தனம் நடத்திய பிறகும் அவளுக்கு இப்படி ஒரு நம்பிக்கை மிச்சமிருந்ததே, அதுதான் கொடுமை.

சனிக்கிழமை காலையில் காரைக்குடியிலிருந்து டிவி மெக்கானிக் அருள் பிரகாஷ் டிரில்லிங் மிஷினோடு வந்து இறங்கினான். கிழக்குச் சுவரில் மிஷின் கர்ரென்று இறங்கிய சத்தம் அடுப்படி வரைக்கும் வந்தது. சிட்டாள் கையில் இருந்த கரண்டியோடு ஹாலுக்கு வந்தாள். முத்தப்பன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தம் சுவரில் ஓட்டை விழுவதைப் பெருந்தன்மையோடு பார்த்துக்கொண்டிருந்தார். இராமு உதிரும் சுண்ணாம்பைத் தம் துண்டில் ஏந்திக்கொண்டிருந்தார். அண்ணன் பங்கில் ஒரு தூசி விழக்கூடாதாம்.

அவரை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"சுபா விசயம் என்னாச்சு?"

இராமு துண்டிலிருந்த சுண்ணாம்பைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ஒரு வருசம் போகட்டும். அண்ணன் சொல்றதுலயும் ஒரு இது இருக்கு."

"என்ன இது இருக்கு?"

"பெரியவுக. நாலும் யோசிச்சுத்தான் சொல்வாக."

"ஒயரு போக வழி கேட்டு, பிள்ளை போற வழியை அடைச்சுட்டு வந்திருக்கீக."

"ரெண்டையும் ஏன் சேத்துப் பேசுற? அது வேற, இது வேற."

"நீக சரின்னு ஒரு வார்த்தைதான் சொன்னீக. அது எதுக்குன்னு இப்பச் சொல்லுங்க."

வெளியிலிருந்து அருள் பிரகாஷ், "ஐயா, இந்தக் கறுப்பு எதுல?" என்று குரல் கொடுத்தான். அந்தக் குரலுக்கு உயிர் வந்தது போல இராமு கதவைத் திறந்துகொண்டு ஓடினார். அவர் போன பக்கத்தையே சிட்டாள் பார்த்துக்கொண்டு நின்றாள். கோபம்கூட வரவில்லை. செருப்பில் ஒட்டியதைப் பார்ப்பது போல இருந்தது அவளுக்கு.

சுபா கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "விடு ஆத்தா, அப்பச்சியால முடியாது" என்றாள் அப்பாவைப் பற்றி. அவள் அழுதிருந்தால் சிட்டாள் தாங்கியிருப்பாள். அவள் சாதாரணமாகச் சொன்னாள், மழை வராது என்பது போல. சிட்டாள் பரண்மேல் இருந்த பெரிய சூட்கேஸை இறக்கினாள். மலேசியாவிலிருந்து தைலம் சுமந்து வந்த சூட்கேஸ் அது. அதில் மகளுடைய துணிமணிகளை மடித்து மடித்து வைத்தாள். கொல்லைக் கதவு வழியாகப் போய்விடலாமா என்று சுபா கேட்டாள்.

"எதுக்கு? நீ என்ன களவாண்டுட்டா போற?" என்றாள் சிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஹால் நிறைந்துவிட்டது. தெருக்காரர்கள், பங்காளிகள், பக்கத்து வீட்டுக்கு வந்திருந்த விருந்தாளிகள். முத்தப்பன் நடுநாயகமாகச் சாய்வு நாற்காலியில் அமர்ந்து, "நம்ம வீட்டுச் சுவருல அடிச்சிருக்கு பாருங்க, அதுதான் முக்கியமான ஸ்பீக்கரு" என்று விளக்கினார். முழு ஏற்பாடும் அவருடையது என்று நம்பி, வந்தவர்கள் அவரையே பாராட்டினார்கள். இராமுவுக்கு அதில் வருத்தமில்லை, பெருமைதான். ரிசீவர் மேற்குப் பக்கம் மேசைமேல் இருந்தது. அதிலிருந்து கிழக்குச் சுவருக்குப் போகும் ஒயர், ஆணி அடிக்க முடியாத வழுவழுத் தரையில், டிவிக்கு முன்னால் ஹாலின் குறுக்கே கிடந்தது. அதன் பக்கத்திலேயே காவல்காரன் போல இராமு ரிமோட்டோடு நின்றார்.

படம் ஓடியது. இந்தமுறை ஹெலிகாப்டர் வலப்பக்கம் எழும்பி, தலைக்குமேல் வந்து, அண்ணன் பங்குக்குள் முழுசாகப் போய் இறங்கியது. கூட்டம் "ஆ" என்றது. பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவர் நிஜமாகவே திரும்பிப் பார்த்தார். இராமுவின் கண்கள் கலங்கிவிட்டன. மகள் எம்.சி.ஏ. பாஸ் செய்த செய்தியைச் சொன்னபோதும் உலர்ந்தே கிடந்த கண்கள்.

அப்போது மேற்கு வரிசையில் அறைக் கதவு திறந்தது. சிட்டாள் வெளியே வந்தாள். கண்டாங்கி கட்டி, காரைக்குடிக்குப் போகக் கிளம்பிய தோரணையில் இருந்தாள். பின்னால் சுபா. இருவர் கையிலுமாகச் சூட்கேஸ். தெருவாசலுக்கு வழி ஹாலின் ஊடேதான். இருவரும் சுற்றிப் போகவில்லை, ஓரமாகவும் போகவில்லை. டிவிக்கு நேர் முன்னால் நடந்தார்கள். அத்தனை பேர் பார்வையும் தங்கள்மேல் விழும் என்று சிட்டாள் நினைத்தாள். விழட்டும் என்றுதான் வந்தாள். ஒருவராவது எழுந்து எங்கே என்று கேட்டால், பதிலைத் தயாராக வைத்திருந்தாள். புருஷனுடைய அண்ணன் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவதென்று தயாராக வைத்திருந்தாள்.

"யாரது, விலகு விலகு, மறைக்குது" என்றார் முத்தப்பன்.

அவ்வளவுதான். தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து, இரண்டு பெண்களுக்கும் ஒரு பெட்டிக்கும் இடையே தெரிந்த படத்தைப் பார்த்தார். மற்றவர்களும் அப்படியே கழுத்தை வளைத்தார்கள்.

இராமு பார்த்தார். அவர் மட்டும் பார்த்தார். சூட்கேஸைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், சிட்டாளைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்பது அந்த முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. வாய் லேசாகத் திறந்தது. ரிமோட்டைத் தூக்கிச் சத்தத்தைக் குறைத்தார். ஹால் சட்டென்று அமைதியானது. போகாதே என்று சொன்னாலும் சரி, போய் வா என்று சொன்னாலும் சரி, ஏதோ ஒன்று, அண்ணன் காதுபட, இந்த மனிதர் இதோ சொல்லப் போகிறார். அவள் நின்றாள். சுபாவும் நின்றாள்.

"சுபா" என்றார் இராமு.

"என்ன அப்பச்சி?"

அவர் அண்ணன் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"கீழ ஒயரு கெடக்கு. பாத்துத் தாண்டு."

சுபா குனிந்து பார்த்தாள். பாவாடை தடுக்காமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒயரில் கால் படாமல், கவனமாகத் தாண்டினாள். சிட்டாள் அதன்மேல் மிதித்துக்கொண்டே போனாள். அவர்கள் வாசற்படி இறங்குவதற்கு முன்பே சத்தம் பழையபடி ஏறிவிட்டது.